வளைவுக்கு வெளியே ஒரு புள்ளி

"கால் கட்டி ஐஸ் போதும். மரப்பொடியை நன்னாத் தட்டிட்டுத் தா, கேட்டியா?"

திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் மீன் லாரிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற டிப்போ வாசலில், காலை ஒன்பது மணிக்கு, மடி கலையாத பருத்திப் புடவையில் பாகீரதி நிற்கிறாள். சுற்றிலும் மத்தி வாடை. டிப்போக்காரன் உளியால் கட்டியைப் பிளந்து, கொண்டுவந்த கோணிப்பையில் சுற்றித் தருகிறான். அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு கிள்ளிப்பாலம் தாண்டிக் கரமனைக்கு நடக்கிறாள். போய்ச் சேருவதற்குள் புடவையின் ஒரு பக்கம் நனைந்துவிடும். ஓட்டோவில் ஏறமாட்டாள். ஒருமுறை ஏறியபோது ஓட்டுகிறவன், "மாமி, மீன் எவ்விடெ?" என்று கேட்டுவிட்டான்.

வலியசாலையில் அவள் குடியிருக்கும் தெருவில் முதலில் எல்லோரும் மூக்கைச் சுளித்தார்கள். மீன் ஐஸைத் தொட்ட கையோடு அக்ரகாரத்துக்குள் வருகிறாளே என்று கோயில் வாசலிலேயே பேச்சு நடந்தது. எட்டு வருஷத்தில் அது தேய்ந்து போயிற்று. இப்போது கல்யாண வீட்டில் சர்பத்துக்கு ஐஸ் வேண்டுமென்றால் அவளிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஐஸ் போய்ச் சேருகிற இடம், ஓடு வேய்ந்த பழைய கிடங்கு ஒன்றில் நடக்கும் சின்ன மருந்துக் கம்பெனி. அங்கே பாகீரதிதான் கெமிஸ்ட். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு குப்பியை ஐஸில் இறக்கிப் பார்த்த பிறகுதான் அதை வெளியே விடுவாள். கம்பெனியின் பெயரை ஊருக்குள் கொண்டுபோனது ஒரே சரக்கு: கைக்குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கான ஓமத் துளி. ஒரு சங்குப் பாலில் ஐந்து சொட்டு விட்டுப் புகட்ட வேண்டும். அதில் இருப்பது மூன்றே பொருள். ஓமத்திலிருந்து வடித்த எண்ணெய், ஸ்பிரிட், தண்ணீர். எண்ணெயும் ஸ்பிரிட்டும் ஒன்றாகக் கலக்கும். ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலக்கும். எண்ணெயும் தண்ணீரும் மட்டும் சேராது. மூன்றையும் ஒரே குப்பியில் தெளிவாக நிறுத்தி வைப்பதற்குத்தான் பாகீரதிக்குச் சம்பளம்.

"படிச்சதுல பாதி மறந்தாச்சு. மறக்காத பாதிக்காக்கும் மாசாமாசம் தரா," என்பாள்.

அந்த மறக்காத பாதி அவள் மேஜைக்கு மேலே சுவரில் தொங்குகிறது: பழைய காலண்டர் அட்டையில் ஒட்டிய பெரிய முக்கோணம். முக்கோணக் கட்டம் போட்ட காகிதம் திருவனந்தபுரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காததால், ஸ்கேல் வைத்து நூறு நூறாகக் கோடு இழுத்து அவளே தயாரித்தது. உச்சியில் ஸ்பிரிட், இடது மூலையில் எண்ணெய், வலது மூலையில் தண்ணீர். முக்கோணத்துக்குள் எந்த இடத்தில் பென்சிலை வைத்தாலும் அது ஒரு குப்பி மருந்து. எந்த மூலைக்கு நெருக்கமோ அந்தப் பொருள் அதில் அதிகம். அடிப்பக்கத்திலிருந்து கவிழ்த்த உருளியைப் போல ஒரு வளைவு எழும்பி நிற்கும். வளைவுக்கு வெளியே புள்ளி விழுந்தால் குப்பி தெளிவாக இருக்கும். உள்ளே விழுந்தால் கலங்கி, சற்று நேரத்தில் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்.

வளைவுக்குள் சாய்வாகச் சில கோடுகள் உண்டு. புள்ளி எந்தக் கோட்டில் விழுகிறதோ, அந்தக் கோட்டின் இரண்டு நுனிகளையும் பார்க்க வேண்டும். ஒரு நுனி மேலே மிதக்கும் அடுக்கு இன்னதென்று சொல்லும், மறுநுனி அடியில் தங்குவதை. புள்ளி எந்த நுனிக்குப் பக்கமோ அந்த அடுக்கு அதிகம். அவ்வளவுதான் வித்தை. ஆனால் அந்த வளைவைப் பிடிக்க அவளுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. எண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்த குப்பியில் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவாள். ஏதோ ஒரு சொட்டில் குப்பி முழுக்கச் சட்டென்று பால் போல் கலங்கும். அந்தச் சொட்டு வளைவில் ஒரு புள்ளி. பிறகு அளவை மாற்றி மறுபடி முதலிலிருந்து. கண் வலித்தால் ஜன்னல் வழியாகக் கரமனை ஆற்றைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பாள்.

குப்பியில் மருந்து நிரப்புகிற பெண்கள் அந்த அட்டையை ஏதோ பூஜை யந்திரம் என்று நினைத்தார்கள். ஒரு சரஸ்வதி பூஜையன்று மூன்று மூலைக்கும் சந்தனம் வைத்துவிட்டார்கள். பாகீரதி துடைக்கவில்லை. தண்ணீர் மூலையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு நவம்பரில் கம்பெனிக்கு வரும் ஸ்பிரிட் அளவைச் சர்க்கார் குறைத்தது. மானேஜர் பகவதிப்பெருமாள் நாகர்கோவில்காரர். குரலை உயர்த்தாமல் காரியத்தை முடிக்கிறவர். ஒரு துண்டுக் காகிதத்தோடு அவள் மேஜைக்கு வந்தார்.

"பாகீரதியம்மா, ஸ்பிரிட்டைப் பத்தில ஒரு பங்கு குறைச்சுத் தண்ணியக் கூட்டினா, நம்ம புள்ளி உள்ள போயிருமா, வெளிய நிக்குமா?"

அவள் கணக்குப் போட்டுப் பென்சிலை வைத்தாள். புள்ளி வளைவுக்கு வெளியேதான் விழுந்தது. ஆனால் மயிரிழைதான் இடைவெளி.

"வெளியேதான் சார். ஆனா ஒட்டிண்டு நிக்கறது."

"ஒட்டினாலும் வெளிய வெளியதானே அம்மா?"

குப்பி ஒன்று கலந்து பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்தாள். அப்போதும் பளிங்குதான். மூன்றாம் நாள், சரக்கை வெளியே அனுப்பலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், சரக்குக் கட்டுகிற தளவாய் ரசீதுப் புத்தகத்தோடு வந்தான். அவன் பேசுவதற்குக் காரணம் எதுவும் வேண்டாம். வைக்கோல் தட்டுப்பாட்டைப் பற்றி ஆரம்பித்தான்.

"ஹைரேஞ்சு பெட்டிக்கு மட்டும் ரெண்டு பங்கு வச்சுக் கட்டினேன். மூணாறுக்கு மேல எஸ்டேட்டுல்லா, அங்கன தணுப்பு பயங்கரமாக்கும். காலம்பற புல்லு மேல உப்புத் தூவின மாதிரி இருக்கும். குப்பி கிப்பி வெடிச்சிரப்பிடாதே."

பாகீரதி எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். சுவரில் இருந்த வளைவைப் பார்த்தாள். அதை வரைந்தது ஏப்ரலிலும் மேயிலும். அறையில் வெப்பமானி முப்பத்திரண்டு காட்டிய நாட்கள். குளிர்ந்தால் அந்த உருளி பெரிதாகும், வெளியே நிற்கிற புள்ளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கல்லூரியில் இரண்டாம் வருஷத்திலேயே படித்திருந்தாள். திருவனந்தபுரத்தில் பிறந்து திருவனந்தபுரத்திலேயே இருக்கிறவளுக்குக் குளிர் என்று ஒன்று உண்டு என்பதே தோன்றவில்லை.

"பெட்டி எப்போ போச்சு?"

"போயி நாலு நாளாச்சே. இப்பம் குடுக்கவே ஆரம்பிச்சிருப்பா."

அன்றுதான் அவள் முதன்முதலாக ஐஸ் டிப்போவுக்குப் போனாள். குப்பியை ஐஸ் தண்ணீரில் இறக்கி, பக்கத்தில் வெப்பமானியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். பதினாறு வரை ஒன்றுமில்லை. பதினாலில் புகை படர்ந்த மாதிரி இருந்தது. பத்தில் பால். மத்தியானத்துக்குள் குப்பியின் கழுத்தருகே விரல்நகம் அகலத்துக்கு மஞ்சளாக ஒரு வளையம் ஏறி நின்றது. அதை மட்டும் உறிஞ்சி எடுத்து எடை பார்த்தாள். அநேகமாகச் சுத்த எண்ணெய். குப்பியைச் சாய்த்தால் முதலில் விழுகிற ஐந்து சொட்டு அதுதான். குலுக்கிவிட்டுக் கொடுக்கவும் என்று லேபிளில் போடவில்லை. தெளிந்த மருந்தை யார் குலுக்குவார்கள்?

பகவதிப்பெருமாள் கொச்சிக்குப் போயிருந்தார். டிரங்க் கால் போட்டுவிட்டு ஒரு மணிக்கூர் காத்திருந்தும் லைன் கிடைக்கவில்லை. பாகீரதி தபாலாபீசுக்குப் போய், எஸ்டேட் டாக்டர் பெயருக்கு, தன் பெயரிலேயே தந்தி கொடுத்தாள். ஓமத் துளியை யாருக்கும் கொடுக்க வேண்டாம், நேரில் வருகிறேன். கம்பெனியைக் கேட்காமல் கம்பெனி சரக்கை நிறுத்தச் சொல்லிவிட்டோம் என்பது வெளியே வந்து படி இறங்கும்போதுதான் உறைத்தது.

அவள் புருஷன் சாம்பசிவன் செக்ரடேரியட்டில் கிளார்க். அதிகம் பேசாத மனுஷர்.

"தந்தி குடுத்தாச்சோல்லியோ. நீ வேற என்னத்துக்குப் போகணும்?"

"கையெழுத்து என்னோடதுன்னா."

அவர் விடியற்காலை தம்பானூர் பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, பஸ் கிளம்புகிற சமயத்தில் ஜன்னல் வழியாகத் தம்முடைய கம்பளிக் குல்லாயை அவள் மடியில் போட்டார். சபரிமலைக்குப் போனபோது வாங்கியது. நாற்பது வயதுக்குள் அவள் தனியாகப் போன தூரம் அதுவரை நாகர்கோவில்தான்.

கோட்டயத்தில் பஸ் மாறி, மூவாற்றுப்புழையில் இன்னொன்று மாறி, மலை ஏறி, மூணாறிலிருந்து தேயிலை லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எஸ்டேட்டில் இறங்கியபோது சாயங்காலம். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் தாசையன் விளக்குத் திரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாரு. நீங்க அனுப்பின கம்பி அவருக்க பேருக்கு வந்து ஆபீசில கெடக்கும். எனக்கு ஆரு சொல்லுவா? நேத்தைக்கு வர பதினாலு குப்பி குடுத்தாச்சே, அம்மா."

அலமாரியில் மிச்சக் குப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் வளையம். அவள் ஐஸில் பார்த்தது அப்படியே இருந்தது. கணக்குச் சரியாக வந்தால் எப்போதும் அவளுக்கு ஒரு சந்தோஷம் உண்டு. அன்று அது வரவில்லை.

அந்தச் சாயங்காலமே தாசையன் ஒரு பக்கமும் அவர் சம்சாரம் ஒரு பக்கமுமாகப் போய் எட்டுக் குப்பி வாங்கி வந்தார்கள். மீதி ஆறும் மேல் லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், மலையின் அந்தப் பக்கம். மறுநாள் வெளிச்சம் வந்ததும், தலையில் குல்லாயும் அதன்மேல் முக்காடுமாகப் பாகீரதி தாசையனோடு மேடேறினாள். ஐந்து வீட்டில் குப்பி திறக்கவே இல்லை. ஆறாவது வீட்டு வாசலில் ஏறும்போதே குழந்தையின் அழுகை கேட்டது. பசி அழுகை இல்லை. தொண்டை கட்டிப்போய், விட்டு விட்டு வந்தது.

அந்த வீட்டுக்காரி உச்சிமாகாளி, சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவள். நாலு மாசப் பெண் குழந்தை. இரண்டு நாளாகப் பால் குடிக்கவில்லை என்று வேலைக்குப் போகாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தாசையன் குனிந்து குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். உதட்டின் உள்பக்கமும் நாக்கு நுனியும் வெளுத்துக் கொப்பளித்திருந்தன.

"எப்பிடிக் குடுத்தே, பிள்ளே?"

"மேல நிக்கதத்தான் கொடுத்தேன். அதுல்லா சத்து? அடியில கெடக்கது வெறுந் தண்ணி. சிந்திராம பையச் சாச்சு, மேலாக எடுத்துச் சங்குப் பால்ல விட்டேன்."

கவனமாக இருந்திருக்கிறாள். அந்தக் கவனம்தான் சுட்டிருக்கிறது. பாகீரதி தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, தப்பு உங்க பேர்ல இல்லை. மருந்து பிரிஞ்சு போச்சு. பிரியும்னு நான் பார்த்திருக்கணும், பார்க்கலை. இந்தக் குப்பிக்கு நன்னா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

உச்சிமாகாளி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பம் இது வெசமா?"

"விஷமில்லை. பால்ல கரைஞ்சா மருந்து. இப்படிக் கரையாம தனியா நின்னா பச்சைக் குழந்தை வாயைப் பொள்ளிடும்."

"பொள்ளும்னா? எம்புட்டு எரியும்? ஒங்களுக்குத் தெரியுமா?"

பாகீரதிக்கு எண்கள் தெரியும். மேல் அடுக்கில் நூற்றுக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு ஸ்பிரிட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.  சுவர்மாடத்தில் குப்பி இருந்தது. எட்டி எடுத்தாள். குலுங்காமல், அந்தத் தாய் சாய்த்த மாதிரியே மெல்லச் சாய்த்து, ஐந்து சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டு வாயை மூடினாள்.

"அம்மா, என்ன செய்யுதீங்க!" என்று தாசையன் கையை நீட்டினார். அவள் தலையை அசைத்தாள். துப்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று, மூக்கு ஒழுகிற்று. காதுக்குள்ளே வரை நெருப்பு ஏறியது. நாலு மாசக் குழந்தைக்கு இதைத் துப்பத் தெரியாது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்றோ. உச்சிமாகாளிதான் முதலில் அசைந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, பானையிலிருந்து ஒரு போணித் தண்ணீர் மொண்டு அவள் முன்னால் வைத்தாள்.

"துப்பிருங்க," என்றாள். 

பாகீரதி உடனே திரும்பவில்லை. தாசையன் கிளிசரின் தடவினார். தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பஞ்சில் நனைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். வியாழக்கிழமை டாக்டர் வந்து பார்த்து, ஆறிவிடும் என்றார். தந்தி அப்போதுதான் அவர் கைக்குக் கிடைத்தது. படித்துவிட்டு, "இதை அனுப்பிய ஆள் வந்தே விட்டாரா?" என்று இங்கிலீஷில் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே மார்பில் வாய் வைத்தது. உச்சிமாகாளி வாசலுக்கு வந்து, "குடிக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகுதான் பாகீரதி குப்பிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கினாள். மூன்று நாளும் அவள் இறக்கியது ஆறின கஞ்சி மட்டும்.

இறங்குகிற பஸ்ஸில் பெட்டியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். அடிமாலியில் காற்று வெதுவெதுப்பாயிற்று. கோதமங்கலம் தாண்டியதும் குல்லாயைக் கழற்றினாள். மூவாற்றுப்புழையில் பஸ் மாறும்போது பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் வளையத்தைக் காணோம். வழியெல்லாம் பஸ் குலுக்கிய குலுக்கலும், கீழ்நாட்டுச் சூடும் சேர்ந்து இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கிவிட்டன. குப்பி பளிங்கு மாதிரி இருந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும். எந்தக் குப்பிக்கும் மலையில் நடந்தது தெரியாது.

சனிக்கிழமை காலை பகவதிப்பெருமாள் தம் அறையில் காத்திருந்தார். மேஜைமேல் அவள் விட்டுவிட்டுப் போயிருந்த தந்தியின் நகல் இருந்தது. பாகீரதி பெட்டியை வைத்தாள். அவர் ஒரு குப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில என்னம்மா குறை? என் கண்ணுக்குச் சுத்தமாத்தான் தெரியுது."

அவள் பேச வாயெடுத்தாள். நாக்கு தடித்து வார்த்தை குழறியது. ஒரு காகிதத்தை இழுத்து, ஐஸில் வைத்துக் காட்டுகிறேன் என்று எழுதினாள்.

"ஐஸுக்குள்ள வச்சா எதுதான் கலங்காது?" பகவதிப்பெருமாள் கோபப்படவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "முப்பது வீட்டு அடுப்பு இந்தக் குப்பியால எரியுது. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, நம்ம மருந்து ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் கம்பியடிச்சாச்சு. நான் முதலாளிகிட்ட என்ன சொல்ல? புத்தகத்தில இருக்கதும் கோட்டில இருக்கதும் எனக்கு வேண்டாம். மனுசருக்கு ஏதும் ஆச்சா? அதை மட்டும் சொல்லுங்கோ."

குப்பி நிரப்புகிற பெண்கள் கதவோரம் கூடிவிட்டார்கள். தளவாய் ரசீதுப் புத்தகத்தைப் பிடித்தபடி அவர்களுக்குப் பின்னால் நின்றான்.

அந்தக் கட்டடத்தில் யார் எதிரிலும் சத்தம் போட்டுச் சிரித்துக்கூட அறியாத பாகீரதி, மேஜையைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தாள். மானேஜர் முகத்துக்கு நேராக நின்று, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயை அகலத் திறந்து நாக்கை வெளியே நீட்டினாள். தோலுரிந்து வெளுத்த நாக்கு. அவர் குப்பியைக் கீழே வைக்கிற வரைக்கும் அவள் அதை உள்ளே இழுக்கவில்லை.